மூன்று நிமிடம் போதும், தோட்ட லயத்துக்கும் வந்து சொல்லுங்கள்

கேள்வி: பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட மாணவர்கள் தம் ஆய்வை மூன்று நிமிடத்தில் பொதுமக்களுக்கு விளக்கும் போட்டி நடக்கிறது. பல ஆண்டு உழைப்பை இப்படிச் சுருக்கினால் ஆய்வு மலிவாகிவிடாதா? பாமரர்களுக்கு இதனால் என்ன பயன்?
– வாசகர் ஒருவர், சுங்கை சிப்புட்

பதில்: இந்தப் போட்டியை ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் 2008-இல் தொடங்கியது. அப்போது அந்த மாநிலத்தில் கடும் வறட்சி. குளியலறைச் சுவரில் மூன்று நிமிட மணற்கடிகாரத்தை மாட்டிவைத்து, மணல் தீர்வதற்குள் குளித்து முடித்துத் தண்ணீரைச் சிக்கனப்படுத்தினார்கள். அங்கே பட்ட மேற்படிப்புப் பள்ளியின் தலைவராக இருந்த பேராசிரியர் ஆலன் லாசன், அதே கால அளவை ஆய்வுரைக்கும் வைத்தார். திரையில் அசையாத ஒரே ஒரு படம் இருக்கலாம். பாட்டும் கவிதையும் கூடாது. மூன்று நிமிடத்தைத் தாண்டினால் தகுதியிழப்பு. 80,000 சொற்கள் கொண்ட ஆய்வேட்டை வாய்விட்டுச் சொல்ல ஒன்பது மணி நேரம் பிடிக்கும் என்பது அவர்கள் கணக்கு.

அந்தத் தகுதியிழப்பு விதியை நான் மனமார வரவேற்கிறேன். நம் ஊர்த் தமிழ்ப்பள்ளி மண்டபத்திலும் கோயில் மண்டபத்திலும் பொன்னாடைக்கும் வரவேற்புரைக்கும் ஒரு மணி நேரத்தைக் கொடுத்துவிட்டு, விஷயம் தெரிந்து வந்தவர் வாய் திறந்ததும் ‘நேரமாகிவிட்டது’ என்று துண்டுச்சீட்டு அனுப்பும் வழக்கத்தை இந்தப் பக்கத்தில் பலமுறை கண்டித்திருக்கிறேன்; அது நிற்கும்வரை கண்டிப்பேன்.

இனி, நீங்கள் பாமரர் என்று எழுதியவர்களிடம் வருகிறேன். தோட்ட லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருந்து ரப்பர் மரத்தில் பால்வெட்டும் நம் மக்களைப் பாருங்கள். விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும் என்பதும், கத்தி சற்று ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும் என்பதும் அவர்கள் கையோடு கற்றவை. வெயிலேறி இலைகள் நீரை இழக்கும்போது பட்டைக்குள் இருக்கும் அழுத்தம் குறைகிறது, அதனால்தான் பால் ஓட்டம் தளர்கிறது என்று ஓர் ஆய்வாளர் வந்து சொன்னால், பல்கலைக்கழக அரங்கில் இருப்பவரைவிட அவர்களுக்கே அது விரைவில் விளங்கும்.

சுருக்கினால் மலிவாகும் என்கிறீர்கள். எண்ணெய் தரும் செம்பனையை எடுத்துக்கொள்வோம். ஒரு மரத்தில் ஆண் பாளையும் பெண் பாளையும் வெவ்வேறு காலத்தில் வருவதால், மகரந்தம் மரம்விட்டு மரம் போய்ச் சேர வேண்டும். காற்றே அதைக் கொண்டுசேர்க்கிறது என்று நீண்டகாலம் நம்பினார்கள். ஆனால் நம் மலேசியத் தோட்டங்களில் காய்ப்பிடிப்பு குறைவாகவே இருந்ததால், மகரந்தத்தை டால்க் தூளோடு கலந்து, பாளையை விலக்கி, மரம் மரமாக ஊதிக்கொண்டு போக ஆட்களை வைத்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் எவரும் ஊதாமலே குலை நிறைந்து காய்ப்பது எப்படி என்று கேமரூனில் ஆராய்ந்த பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத், அந்த வேலையைச் செய்வது அரிசி மணியைவிடச் சிறிய ஒரு கூன்வண்டு என்று காட்டினார். வண்டு வளர்வது ஆண் பூவில். அதை இழுப்பது அந்தப் பூவின் சோம்பு வாசம். பெண் பூவும் மலரும்போது அதே வாசத்தை வீசும். ஏமாந்து வரும் வண்டு, உடலில் ஒட்டிய மகரந்தத்தை அங்கே உதிர்த்துவிட்டுப் போகும். 1981-இல் அந்த வண்டை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். காய்ப்பிடிப்பு கூடியது, ஊதும் வேலை நின்றது.

இதை வாய்விட்டுப் படித்தால் மூன்று நிமிடத்துக்குள் அடங்கும். இதனால் அந்த ஆய்வின் மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை. தன் ஆய்வின் மையம் எது என்று தெளிந்தவரால்தான் இப்படிச் சொல்ல முடியும்; தெளியாதவருக்கு ஒன்பது மணி நேரமும் போதாது. எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. எங்கள் வட்டாரத்தில் அந்தத் தூளை ஊதிய பெண்களுக்கு வேலை நின்றது தெரியும். நின்றதற்குக் காரணம் ஒரு வண்டு என்பதை அவர்களிடம் எவரும் வந்து சொன்னதில்லை.

இன்றும் அதே நிலைதான். கேள்வித்தாளோடு மாணவர்கள் லயத்துக்கு வருகிறார்கள். வருமானம், கடன், பிள்ளைகளின் படிப்பு, வீட்டில் குடிப்பவர் உண்டா என்பதுவரை கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். நம் மக்களும் வேலை முடிந்து வந்த களைப்போடு பாயை விரித்து உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, மறைக்காமல் பதில் சொல்கிறார்கள். அந்தப் பதில்கள் பட்டமாகின்றன, கட்டுரையாகின்றன. ஆனால் என்ன முடிவுக்கு வந்தார்கள் என்பதைப் பதில் சொன்ன குடும்பம் அறிவதில்லை. ஒருவருடைய வாழ்க்கையை ஆராய்ந்தவர் அதன் முடிவை முதலில் அவரிடம் சொல்லக் கடமைப்பட்டவர். அரங்கில் நடுவர்கள் முன் மூன்று நிமிடம் பேசப் பழகிய மாணவருக்கு, அதே உரையைத் தமிழில் ஒருமுறை இங்கே வந்து பேசுவது பெரிய சிரமமாக இருக்காது. கேட்பவர்கள் திருப்பிக் கேள்வி கேட்பார்கள். அதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கிக்கொண்டு வர வேண்டும்.

கானோடெர்மா பூஞ்சையால் செம்பனை அடித்தண்டு அழுகுவதை ஆராய்பவராயினும், தோட்டத்தைவிட்டு நகர்ந்த குடும்பங்களை ஆராய்பவராயினும், தம் முடிவைத் தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்பினால் இவ்விதழ் வெளியிடும். நேரில் பேச விரும்புவோருக்கு மண்டபம் ஏற்பாடு செய்வது என் பொறுப்பு. ஞாயிறு பிற்பகல், பொன்னாடை இல்லாமல்.