தபால் பிரிவிலேயே ஆறு வருடம்: அரசு ஊழியர் கேள்வி பதில்

ஊழியர் விவகாரங்களைப் பார்க்கும் பணியமைப்புப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதாலோ என்னவோ, அலுவலகத்தில் பாகுபாடு காட்டுகிறார்கள் என்ற கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. இந்த முறை அவற்றில் நான்கு மட்டும். ஊர், பெயர் எடுத்துவிட்டேன்.

கேள்வி: வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. பட்டியல் சாதியைச் சேர்ந்தவன். இன்று வரை எனக்குத் தபாலும் பதிவறையும்தான். எனக்குப் பின்னால் வந்த இருவர் நிலம், பணியமைப்பு என்று முக்கியமான இருக்கைகள் பார்த்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு அதிகாரி தன் அறையில் வைத்து, "உங்க ஆளுங்களுக்கு இதுவே ஜாஸ்தி" என்றார். நண்பர்கள் பி.சி.ஆர். போடச் சொல்கிறார்கள். போடலாமா?

தம்பி, உங்கள் கடிதத்தில் இரண்டு புகார்கள் இருக்கின்றன. ஒன்று, இருக்கை, அதாவது உங்களுக்கு ஒதுக்கும் வேலை. இன்னொன்று, அந்தப் பேச்சு. கோபத்தில் இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் பேச்சைப் பற்றி மட்டும் விசாரித்துவிட்டு, "சாட்சி இல்லை" என்று கோப்பை மூடிவிடுவார்கள். இருக்கை விஷயம் அதோடு புதைந்துவிடும்.

முதலில் பேச்சு. நம் ஆட்கள் இன்னும் பழைய 1955 குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் பெயரில் பி.சி.ஆர். என்றுதான் சொல்கிறார்கள். நீங்கள் நினைப்பது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். சாதியைச் சொல்லி அவமானப்படுத்தினால் அது குற்றம்தான். ஆனால் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். லால்குடியில் பட்டா விஷயமாக வந்த ஒருவர் வருவாய் ஊழியரை அலுவலகத்துக்குள் சாதிப் பெயர் சொல்லித் திட்டியதாக ஒரு வழக்கு. சக ஊழியர்கள் பிறகுதான் அங்கே வந்தார்கள். நான்கு சுவருக்குள் நடந்தது, பொதுப் பார்வையில் நடந்ததாகாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கையே ரத்து செய்துவிட்டது. எனக்கு இந்தத் தீர்ப்பில் வருத்தம் உண்டு. மேலதிகாரி கீழே இருப்பவரைப் பேசுவது பெரும்பாலும் கதவு சாத்திய அறையில்தானே? ஆனாலும் இன்றைய நிலை இதுதான். அந்த நேரம் அறைக்குள் மனுதாரர் யாராவது இருந்தார்களா, கதவு திறந்திருந்து வெளியே நின்றவர் காதில் விழுந்ததா என்பதை முதலில் யோசியுங்கள். ஆள் இருந்தார்கள் என்றால் காவல் நிலையம் போகலாம். முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தம் சொல்கிறது. ஆள் இல்லை என்றால் துறைக்குள் எழுதுங்கள். நடத்தை விதிகளின்படி துறை நடவடிக்கை எடுக்கப் பொதுப் பார்வை என்ற நிபந்தனை கிடையாது.

இனி இருக்கை. என்னைக் கேட்டால் உங்கள் பலம் இதில்தான் இருக்கிறது, ஏனென்றால் இதற்குக் காகிதம் உண்டு. "என்னைப் புறக்கணிக்கிறார்கள், மன உளைச்சலாக இருக்கிறது" என்று வரும் மனுக்களை நான் பணியில் இருந்தபோது கட்டுக்கட்டாகப் பார்த்திருக்கிறேன். அதன் மேல் "ஆவன செய்க" என்று எழுதுவார்கள், ஒன்றும் ஆகாது. பாகுபாட்டை நிரூபிக்க ஒப்பீடு வேண்டும். உங்களோடு ஒரே பதவியில், உங்களுக்குப் பின் சேர்ந்தவருக்கு எந்தத் தேதியில் எந்த இருக்கை கொடுத்தார்கள், உங்களுக்கு என்ன கொடுத்தார்கள். அவ்வளவுதான். கடந்த ஆறு வருடப் பணி ஒதுக்கீட்டு ஆணைகளின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் கெடு. ஆணைகள் கைக்கு வந்ததும் ஆள், சேர்ந்த தேதி, இருக்கை, ஆணை எண் என்று கட்டம் போட்டு ஒரு பக்கத்தில் எழுதுங்கள். உங்களுக்கு மெமோ எதுவும் இல்லை, பணியில் குறை சொல்லப்பட்டதில்லை என்றால் அதையும் ஒரு வரி சேருங்கள். "திறமை போதாது" என்றுதான் முதல் பதில் வரும்.

புகாரை யாருக்கு அனுப்புவது? முறையான வழியாக, அதாவது அதே அதிகாரி மூலமாக அனுப்பச் சொல்வார்கள். அவர் மேலேயே புகார் எனும்போது அவருக்கு மேலே உள்ளவருக்கு நேரடியாக எழுதலாம். ஏன் நேரடியாக எழுதுகிறேன் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். ஒப்புகை இல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள். தபால் பிரிவில் இருப்பவருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை!

அங்கே அசையவில்லை என்றால் 2021இல் சட்டம் இயற்றி அமைத்த மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் இருக்கிறது, தேசிய ஆணையமும் இருக்கிறது. தேசிய ஆணையத்துக்கு ஆட்களை வரவழைக்கவும் கோப்புகளைக் கேட்கவும் உரிமையியல் நீதிமன்ற அதிகாரம் உண்டு. ஆனால் தடையாணை கொடுக்க முடியாது என்று 1996லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இடமாறுதலை நிறுத்த வேண்டும் போன்ற அவசரத்துக்கு உயர் நீதிமன்றம்தான்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். எம்.எல்.ஏ. சிபாரிசுக் கடிதம் வாங்காதீர்கள். 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகளைக் காட்டி, புகார் கொடுத்த உங்கள் மேலேயே 17(ஏ) ஒழுங்கு நடவடிக்கை போட்டுவிடுவார்கள்.

கேள்வி: எனக்குப் போலியோவால் ஒரு கால் செயல்படாது. தரைத்தளத்தில் இருந்த என் பிரிவை இரண்டாம் மாடிக்கு மாற்றிவிட்டார்கள், லிஃப்ட் இல்லை. சொன்னால், "எல்லாரும்தானே ஏறுகிறார்கள்" என்கிறார்கள்.

எல்லாரும் ஏறுவதுதான் உங்கள் பிரச்சினையே. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 20, அரசு அலுவலகம் உங்களுக்கு நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்கிறது. அது சலுகை இல்லை. பிரிவு 23இன்படி ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். புகாரைப் பதிவேட்டில் ஏற்றி இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். உங்கள் அலுவலகத்தில் அவர் யார் என்று எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் இந்தக் கேள்வி போன பிறகுதான் ஆளை நியமிக்கிறார்கள். தீரவில்லை என்றால் மாவட்டக் குழு, அப்புறம் மாநில ஆணையர். கோரிக்கையைச் சிறிதாக வையுங்கள்: என் மேசையை மட்டும் கீழே போடுங்கள். மொத்தப் பிரிவையும் திருப்பிக் கொண்டு வாருங்கள் என்றால் அதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள்.

கேள்வி: ரயில்வே ஊழியன். பதவி உயர்வில் எனக்கு அநீதி நடந்து நான்கு வருடம் ஆகிறது. விடாமல் மனு அனுப்பிக்கொண்டே இருக்கிறேன். பதிலே இல்லை.

விடாமல் அனுப்பியதில் பயன் இல்லை, அய்யா. மத்திய அரசு ஊழியரான நீங்கள் போக வேண்டிய இடம் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். அதற்குக் கெடு உண்டு. இறுதி ஆணையிலிருந்து ஒரு வருடம்; மேல்முறையீட்டு மனுவுக்குப் பதிலே வராவிட்டால் ஆறு மாதம் பார்த்துவிட்டு அதிலிருந்து ஒரு வருடம். பழைய விஷயத்துக்குப் புதிதாக மனு போட்டால் கெடு புதிதாகத் தொடங்காது. தாமதத்தை மன்னிக்கக் கோரி மனு போட வழி இருக்கிறது. அதற்கு வலுவான காரணம் வேண்டும். பணி வழக்கு பார்க்கும் வக்கீலை இந்த வாரமே பாருங்கள்.

கேள்வி: நான் ஓர் அலுவலகத்தின் தலைவர். மகப்பேறு விடுப்பு முடிந்து வந்ததிலிருந்து கண்காணிப்பாளர் தன்னை ஒதுக்குகிறார், பயிற்சிக்குப் பெயர் அனுப்புவதில்லை, "அடுத்தது எப்போ?" என்று எல்லார் முன்னும் உடம்பைப் பற்றிக் கேலி பேசுகிறார் என்று ஒரு பெண் உதவியாளர் எழுதிக் கொடுத்திருக்கிறார். கண்காணிப்பாளரிடம் குறிப்புரை கேட்டிருக்கிறேன். அந்த அம்மாவை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டால் தீருமா?

தீராது, சார். மாற்றினால் நீங்களும் எதிர்மனுதாரர் ஆவீர்கள்.

யார் மேல் புகாரோ அவரிடமே அறிக்கை கேட்டு, அவர் "உண்மைக்குப் புறம்பானது" என்று எழுதியதும் அதையே பதிலாக அனுப்பிவிடுவது நம் நிர்வாகத்தின் தீராத வியாதி. அவருடைய விளக்கம் வேண்டும்தான். அதை விசாரணை அறிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உடம்பைப் பற்றிய கேலியை நீங்கள் விசாரிக்க வேண்டாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். குழுவின் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினரில் ஒருவர் வெளியாளாக இருக்க வேண்டும். அது பாலியல் துன்புறுத்தலா என்று முடிவு செய்வது அவர்கள் வேலை. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் அந்த அம்மா குழுவுக்கு எழுத வேண்டும் (காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம்), எனவே உடனே அவருக்குச் சொல்லுங்கள். குழுவுக்குத் தொண்ணூறு நாள். இடையில் அந்த அம்மா எழுதிக் கேட்டு, குழு பரிந்துரைத்தால் மாற்றலாம். அப்போதும் அவரைத்தான் மாற்ற வேண்டும் என்றில்லை, கண்காணிப்பாளரையும் மாற்றலாம். சட்டத்திலேயே இருக்கிறது.

பயிற்சி விஷயம் உங்கள் கையில். கடந்த இரண்டு வருடத்தில் யார் யார் பெயர் போனது என்ற கோப்பை எடுத்துப் பாருங்கள், அரை மணி நேர வேலை. "விடுப்பில் இருப்பார் என்பதால்" என்று குறிப்பு இருந்தால் அதுவே சாட்சி.

தமிழ்நாட்டில் 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு பன்னிரண்டு மாதம். திரும்பி வருகிறவர்களை வேண்டாத விருந்தாளி மாதிரி பார்ப்பதும் கூடவே வந்துவிட்டது. ஒரு காலத்தில் இந்தப் பார்வை விதியாகவே இருந்தது. வெளியுறவுப் பணியில் இருக்கும் பெண் கல்யாணம் செய்துகொள்ள அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். அந்தப் பணியில் இருந்த சி.பி.முத்தம்மா வழக்குப் போட்டு, 1979இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் காய்ச்சி எடுத்த விவகாரம் அது. விதி போய்விட்டது, உங்கள் கண்காணிப்பாளர் இருக்கிறார்.

குறிப்புரை கேட்ட கடிதத்தோடு புகாரின் நகலையும் அவருக்கு இணைத்து அனுப்பினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அனுப்பியிருந்தால், அந்த அம்மாவின் ஆண்டு மதிப்பீட்டை இந்த வருடம் அவர் எழுதாமல் வேறொருவர் எழுத இன்றே ஏற்பாடு செய்யுங்கள்.