தூக்கம் வராத திருதராஷ்டிரனும் எங்கள் பற்று நோட்டும்

கேள்வி: பழைய இந்து சாஸ்திர நூல்கள் சொல்லும் பாடங்களை இன்றைய அன்றாட வாழ்க்கையில் உண்மையாகவே பயன்படுத்த முடியுமா? நீங்கள் எதைப் பயன்படுத்துகிறீர்கள்?

முடியும். ஆனால் ஒரு நல்ல வரி கிடைத்ததும் அதை யாருக்குச் சொல்லலாம் என்றுதான் நம் கண் முதலில் தேடுகிறது. மருமகளுக்கு, வேலையாளுக்கு, கடனைத் திருப்பித் தராதவருக்கு. என் அனுபவத்தில், நூலில் அந்த வரியைக் கேட்டுக்கொண்டவர் எங்கே உட்கார்ந்திருந்தாரோ அங்கே நானும் உட்கார்ந்து கேட்டபோதுதான் அது உதவியிருக்கிறது. சொன்னவர் ஆசனத்தில் ஏறிக்கொண்டால் அது அடுத்தவரை அடிக்கும் பிரம்பாகிவிடுகிறது.

பாலக்காடு மாவட்டத்தில் மீனாட்சிபுரம் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். சரக்கு பொள்ளாச்சியிலிருந்து வருகிறது, ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கிறது, வீட்டுப் பேச்சு கொங்குத் தமிழ். சாஸ்திரம் படித்த குடும்பம் இல்லை. காதில் விழுந்தது பாதி. பிறகு ஆர்வம் வந்து தமிழ் உரைநடையில் படித்தது பாதி. பண்டிதர் பதிலை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் பக்கம் கடைக்குக் கடை ஒரு படம் தொங்கும். ‘எது நடந்ததோ, அது நன்றாகவே நடந்தது’ என்று தொடங்கும் கீதாசாரம். கீதையின் 700 சுலோகங்களில் அப்படி ஒரு சுலோகம் கிடையாது. நடந்ததெல்லாம் நன்றாகவே நடந்தது என்றால் குருக்ஷேத்திரத்துக்குத் தேரைக் கொண்டுபோய் நிறுத்துவானேன்? இரண்டாம் அத்தியாயத்தின் 47-ஆம் சுலோகம் உண்மையாகவே இருக்கிறது. செயலில்தான் உனக்கு உரிமை, பலனில் இல்லை என்பது. அதற்குப் பட்ட பாடு அதைவிட மோசம். போனஸ் கேட்கும் தொழிலாளியிடம் முதலாளி சொல்லும் வசனமாக அதை ஆக்கிவிட்டார்கள். அதைச் சொன்னவன் அந்த நேரத்தில் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, கூலி வாங்காமல் அர்ஜுனனுக்குத் தேரோட்டியாக இருந்தான். சொல்ல விரும்பும் முதலாளி முதலில் சில நாள் சரக்கு லாரி ஓட்டிப் பார்க்கட்டும்.

நான் அதிகம் பயன்படுத்துவது கீதையை அல்ல, விதுர நீதியை. மகாபாரதத்தின் உத்தியோக பர்வத்தில் வருகிறது. பாண்டவர்களிடம் போய்வந்த சஞ்சயன், திருதராஷ்டிரனை நாலு வார்த்தை கடிந்துவிட்டு, அவர்கள் சொன்னதை நாளைக்குச் சபையில் சொல்கிறேன் என்று போய்விடுகிறான். கிழவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தம்பி விதுரனை அழைத்து, உடம்பெல்லாம் எரிகிறது, ஏதாவது நல்லது சொல் என்கிறான். விதுரன் ஆறுதல் சொல்வதில்லை. தூக்கம் யாருக்கெல்லாம் கெடும் என்று ஒரு பட்டியல் போடுகிறான்: வலியவனோடு மோதிக்கொண்ட எளியவன், பொருளைப் பறிகொடுத்தவன், காமத்தில் விழுந்தவன், திருடன். பிறகு, இவற்றில் எதுவும் உங்களைத் தொடவில்லையே, அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்பட்டு வேகவில்லையே என்று கேட்கிறான். அரசனாகவும் அண்ணனாகவும் இருப்பவனிடம், பாதி ராத்திரியில்.

கடை நடத்துபவர்களுக்கு இந்த இரவு தெரியும். விழிப்பு வந்ததும் மனம் பற்று நோட்டைப் புரட்டும். இன்னார் இவ்வளவு தர வேண்டும், அன்னார் அவ்வளவு தர வேண்டும். விதுரனின் கேள்வி நோட்டைத் திருப்பிப் பிடிக்கச் சொல்கிறது. யாருடைய பணம் என்னிடம் நிற்கிறது? தேங்காய் எண்ணெய் கொண்டுவரும் செக்குக்காரர், முறுக்குச் சுட்டுத் தரும் பெண்மணி, மூட்டை இறக்கும் ஆள். மண்டிக்காரருக்குத் தவணை தவறினால் மறுநாள் காலையிலேயே போன் வரும். ஆகவே பெரியவருக்கு முதலில், சின்னவர்களுக்கு மிச்சம் இருந்தால் என்பது தொழில் வழக்கம். சின்னவர்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள். அந்தக் கூச்சத்தை முதலாகப் போட்டுத்தான் பல கடைகள் ஓடுகின்றன.

நாங்கள் வரிசையை மாற்றினோம். சனிக்கிழமை கல்லாவை எண்ணியதும் முதலில் சின்னவர்கள் பணம் எடுத்து வைக்கப்படும். என் கணவருக்கு இது உடனே பிடிக்கவில்லை. “மண்டிக்காரர் சரக்கை நிறுத்திவிட்டால் விதுரனா வந்து அரிசி மூட்டை போடுவார்?” என்றார். நியாயமான கேள்வி. மண்டிக்காரரிடமே போய், தவணை நாளைத் திங்கட்கிழமைக்கு மாற்றித் தரும்படி கேட்டோம். முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார். அதன் பிறகு தூக்கம் நன்றாக வருகிறதா என்று கேட்டால், கொசு இல்லாத இரவுகளில் வருகிறது.

வர வேண்டிய பாக்கியைக் கேட்கும்போது கீதையின் 17-ஆம் அத்தியாயம் கைகொடுக்கிறது. 15-ஆம் சுலோகம் வாக்கால் செய்யும் தவத்தைச் சொல்கிறது: கேட்பவர் மனத்தைக் கலக்காத சொல், உண்மையான சொல், இனிய சொல், நன்மை தரும் சொல். நாலும் சேர வேண்டும். நம்மில் பலர் உண்மையை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற மூன்றையும் கைகழுவிவிடுகிறோம்; கேட்டால், உள்ளதைத்தானே சொன்னேன் என்கிறோம். கடையில் ஆட்கள் நிற்கும்போது பழைய பாக்கியைக் கேட்பதும் உள்ளதைச் சொல்வதுதான். முதலமடைப் பக்கம் மாந்தோப்பு வேலைக்குப் போகும் ஒரு பெரியவர் எங்களிடம் பற்று வைத்திருந்தார். கூட்டம் கலையும்வரை காத்திருந்து கேட்டேன்.

“மாமா, போன மாதக் கணக்கு அப்படியே நிற்கிறது. ஒரே தடவையில் வேண்டாம். எப்படித் தர முடியும் என்று நீங்களே சொல்லுங்கள்.”

“மாங்காய் இறக்கின கூலி இன்னும் வரவில்லை அம்மிணி. வந்ததும் முதலில் உன் கடைக்குத்தான்.”

பாதி வந்தது. மீதி வரவில்லை. இனிமையாகக் கேட்டால் கடன் வசூலாகும் என்று கீதை எங்கும் உறுதி தரவில்லை. ஆனால் அவர் இன்னமும் எங்கள் கடை வாசல் வழியாகத்தான் நடந்து போகிறார். பாக்கிக்காரர்கள் பொதுவாக அடுத்த தெருவைச் சுற்றிப் போவார்கள்.

கோபம் பற்றி ஒன்று. எங்களுக்கு ஆடி பிறக்கும்போது இங்கே மலையாள மாதம் கர்க்கடகம். பக்கத்து வீட்டுச் சேச்சி அந்தியில் விளக்கேற்றிவிட்டு மலையாளக் கவி எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணம் கிளிப்பாட்டை வாசிப்பார். எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லப்படும் குருமடம் எங்கள் பாலக்காட்டுச் சித்தூரில்தான், தெற்குக் கிராமத்தில் இருக்கிறது. அந்த வாசிப்பில் நான் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கும் பகுதி, ராமன் லட்சுமணனுக்குச் சொல்லும் உபதேசம். பட்டாபிஷேகம் கைவிட்டுப் போனதும் தம்பி கொதிக்கிறான். அண்ணன் சொல்கிறான்: பாம்பின் வாயில் சிக்கிய தவளை அப்போதும் இரைக்கு ஆசைப்படுகிறது; கோபம் வந்தவன் தாய் தந்தையையும் உடன்பிறந்தவனையும்கூடக் கொல்வான்.

இங்கே கவனிக்க வேண்டியது, லட்சுமணனுக்கு உண்மையாகவே நியாயம் இருந்தது என்பது. அநியாயம் செய்தவரிடம் போய், கோபப்படாதே என்று சொல்வது சுலபம். நியாயம் தன் பக்கம் இருப்பவனிடம்தான் இது சொல்லப்படுகிறது. சொத்துத் தகராறு, வாய்க்கால் தகராறு எல்லாவற்றிலும் நாம் ஒவ்வொருவரும் லட்சுமணன்தானே? கைகேயி நான்தான் என்று எவரும் படிப்பதில்லை.

இதே கட்டத்துக்குக் கம்பன் ஒரு பாட்டு வைத்திருக்கிறான்: “நதியின் பிழையன்று நறும்புனல் இன்மை.” ஆற்றில் தண்ணீர் இல்லாதது ஆற்றின் குற்றமில்லை, அதுபோல இது அப்பாவின் குற்றமும் இல்லை, சிற்றன்னையின் குற்றமும் இல்லை, பரதன் குற்றமும் இல்லை, விதியின் குற்றம் என்கிறான் ராமன். பாலக்காட்டுப் பகவதி கோவில்களின் கூத்துமாடங்களில் தோல்பாவைக் கூத்து நடத்துகிறவர்கள் இன்றும் கம்பன் பாட்டைத் தமிழிலேயே பாடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பாட்டு; ஆனால் எங்கள் ஊரில் அதை நிம்மதியாகப் பாட முடியாது. 1970-ஆம் ஆண்டின் பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் எங்கள் சித்தூர்ப்புழை ஆற்றுக்கு வர வேண்டும். கோடை வந்தால் தமிழ்நாடு திறக்கவில்லை என்று இந்தப் பக்கம் பேச்சு, அணையில் இருந்தால்தானே திறக்க என்று அந்தப் பக்கம் பேச்சு. இரண்டு பக்கமும் எங்களுக்குச் சொந்தக்காரர்கள். கல்யாணப் பந்தியில்கூட இது வந்துவிடும்.

அந்தப் பந்தியில் உட்கார்ந்து விதியின் பிழை என்று சொல்வது தர்மம் ஆகாது என்பது என் கருத்து. ராமன் விட்டுக்கொடுத்தது தன் பங்கை. அடுத்தவன் வயலுக்கு வர வேண்டிய தண்ணீரை நான் பெரிய மனதோடு விட்டுக்கொடுக்க முடியாது. கணக்கைக் கேட்கலாம், மனு கொடுக்கலாம், சாலையில் உட்காரலாம். அந்தப் பக்கத்து மச்சானோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்ளாமல் இருப்பதற்கு மட்டும் ராமனின் உபதேசத்தை எடுத்துக்கொள்கிறேன். லட்சுமணனும் லேசில் அடங்கவில்லை. “விதிக்கும் விதியாகும் என் வில்தொழில் காண்டி” என்று திருப்பிச் சொல்கிறான். எங்கள் ஊர் இளைஞர்கள் அந்தக் கட்சி.

பங்கு என்றதும், மகாபாரதத்தில் யட்சன் தருமனிடம் கேள்வி கேட்கும் யட்ச பிரச்னத்தின் கடைசிப் பகுதியைச் சொல்லியாக வேண்டும். செத்துக் கிடக்கும் நாலு தம்பிகளில் ஒருவனை எழுப்பித் தருகிறேன், யார் வேண்டும் என்று யட்சன் கேட்கிறான். போருக்கு வேண்டியவர்கள் பீமனும் அர்ஜுனனும். தருமன் நகுலனைக் கேட்கிறான். குந்திக்கு நான் ஒருவன் இருக்கிறேன், மாத்ரிக்கும் ஒரு பிள்ளை இருக்கட்டும் என்கிறான்.

என் அம்மா இறந்த பிறகு அப்பா மறுமணம் செய்துகொண்டார். சித்திக்கு ஒரு பெண். அப்பாவின் காலத்துக்குப் பிறகு தென்னந்தோப்பைப் பிரிக்க உட்கார்ந்தபோது, சின்னவளுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்றே என்று சொல்ல ஊரில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. மகளுக்குப் பங்கு உண்டா என்பதில் சந்தேகமே கிடையாது; 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டமும் அதற்கு 2005-இல் வந்த திருத்தமும் அந்தப் பேச்சை முடித்துவிட்டன. ஆனால் கிணறு எந்தப் பங்கில் விழ வேண்டும் என்று சட்டம் சொல்லாது. என் அண்ணன் மகாபாரதத்தைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. கிணற்றுப் பக்கத்தைச் சித்தி மகளுக்கு எழுதச் சொல்லிவிட்டு, தனக்குக் குழாய் போட்டுத் தண்ணீர் எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பத்திரத்தில் கேட்டு வாங்கிக்கொண்டார். கடைசியில் சேர்த்த அந்த வரியும் எனக்குப் பிடித்தது. தியாகம் என்று சொல்லிக்கொண்டு பிறகு வரப்பில் நின்று முறைப்பதைவிட அது மேல்.

அதே யட்சனின் இன்னொரு கேள்வி, மகிழ்ச்சியாக இருப்பவன் யார் என்பது. கடன் இல்லாமல், பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போகாமல், பொழுது சாய்ந்த பிறகாவது தன் வீட்டில் கீரை சமைத்துச் சாப்பிடுகிறவன் என்கிறான் தருமன். வளைகுடாவுக்கும் திருப்பூருக்கும் ஆள் அனுப்பும் ஊரில் இதை உரக்கப் படிப்பது கொடுமை. ஏற்கெனவே குழுக் கடனில் இருப்பவரிடம் சொல்லவே கூடாது. கல்யாணத்துக்கு இன்னும் கொஞ்சம் நகையை அடகு வைக்கலாமா என்று வீட்டில் யோசிக்கும்போது, எனக்குள் மட்டும் சொல்லிக்கொள்வேன்.

எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று அடுத்து நீங்கள் கேட்பீர்கள். வேண்டாம். இதைச் சொல்ல எனக்குத் துணிவு வந்ததும் ஒரு சாஸ்திர நூலிலிருந்துதான். தைத்திரீய உபநிஷதத்தின் சீக்ஷாவல்லியில், படிப்பை முடித்து வீட்டுக்குப் போகும் மாணவனிடம் குரு, உண்மை பேசு, அறத்தின்படி நட என்றெல்லாம் சொல்லிவிட்டு, எங்களிடம் எவை நல்ல நடத்தைகளோ அவற்றை மட்டும் பின்பற்று, மற்றவற்றை அல்ல என்கிறார். தன்னிடமும் தள்ள வேண்டியது இருக்கிறது என்று ஆசிரியரே ஒப்புக்கொள்ளும் இடம் அது. 1924-இல் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத் தெருவில் ஈழவச் சாதியினர் நடக்கக் கூடாது என்று தடுத்தவர்கள் இந்த உபநிஷதத்தை அறியாதவர்கள் அல்ல. வேதம் ஓதும் தெரு அது. யார் எங்கே நடக்கலாம், யார் எதைத் தொடலாம் என்று பிறப்பை வைத்துப் பிரிக்கும் எதுவும், எவ்வளவு பழைய ஏட்டில் இருந்தாலும், எங்கள் கடைக்குள் வராது. உள்ளே வரும் எல்லோருக்கும் ஒரே தராசு, ஒரே வரிசை.

புதிதாகத் தொடங்க நினைத்தால் வேதாந்த விளக்கங்களில் இறங்க வேண்டாம். உத்தியோக பர்வத்தில் விதுரன் பேசும் எட்டு அத்தியாயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பதிப்புகளில் 33 முதல் 40 வரை இருக்கும். நல்ல தமிழ் உரைநடை மொழிபெயர்ப்பு போதும். ஒரே மூச்சில் படித்தால் அலுக்கும், ஏனென்றால் விதுரனுக்குப் பட்டியல் போடும் பழக்கம் அதிகம். பெண்களைப் பற்றியும் வருணங்களைப் பற்றியும் சில வரிகள் இடறும். அங்கே தைத்திரீயத்து குருவை நினைத்துக்கொண்டு தாண்டிப் போங்கள். நாற்பதாம் அத்தியாயத்தின் முடிவில் திருதராஷ்டிரன் என்ன சொல்கிறான் என்பதை மட்டும் தவறவிடாதீர்கள். நீ சொல்வதெல்லாம் சரிதான், என் புத்தியும் பாண்டவர் பக்கம்தான் போகிறது, ஆனால் துரியோதனனைப் பார்த்ததும் மாறிவிடுகிறது என்கிறான்.