இரண்டு இடம், இரண்டு பதக்கம்

கேள்வி: ஆஸ்திரேலிய ஃபுட்பால் வீரர் ஆடம் குட்ஸ் களத்தில் எந்த இடத்திலும் நிலைத்து ஆடியதில்லை. இனவெறிச் சர்ச்சை மட்டும் இல்லாவிட்டால் அவரை யார் நினைத்திருப்பார்கள்? (ஒரு வாசகர்)

பதில்: நீங்கள் சொல்லும் சர்ச்சை 2013இல் வந்தது. அதற்குள் பிரவுன்லோ பதக்கத்தை அவர் இரண்டு முறை வாங்கிவிட்டார். 2003இல் வேறு இருவரோடு பகிர்ந்து, 2006இல் தனியாக. கையாலும் காலாலும் ஆடும், ஆஸ்திரேலியாவுக்கே உரிய அந்த ஆட்டத்தில் தனிநபருக்கு அதைவிடப் பெரிய விருது கிடையாது. களத்துக்குள்ளேயே ஓடித் திரியும் நடுவர்கள், ஒவ்வோர் ஆட்டத்திலும் சிறந்த மூவருக்கு 3, 2, 1 என்று போடும் ஓட்டில் கிடைப்பது அது. அனுதாபத்துக்கு அங்கே என்ன வேலை?

நிலைத்து ஆடவில்லை என்பதைக் குறையாகச் சொல்கிறீர்கள். 2003இல் அவர் ரக் இடத்திலும் ஆடினார். அப்போதெல்லாம் நடுவர் பந்தைத் தரையில் ஓங்கி அடிப்பார். அது மேலே எழும்பும்போது இரண்டு நெட்டையர்கள் மோதிக்கொண்டு எம்பித் தட்டிவிட வேண்டும். இரண்டு மீட்டர் உயர ஆட்களுக்கான வேலை அது. சில அங்குலம் குறைவான குட்ஸ் தாவியே அதை ஈடுகட்டினார். 2006இல் மைய ஆட்டக்காரராக ஓயாமல் ஓடி அதே பதக்கத்தை வென்றார். முப்பது வயதை நெருங்கியதும் முன்வரிசைக்குப் போய், 2009 முதல் 2011 வரை மூன்று ஆண்டும் சிட்னி ஸ்வான்ஸ் அணிக்காக அதிக கோல் அடித்தவரானார். தடுப்பிலும் நின்றிருக்கிறார். அணிக்கு எங்கே ஓட்டை விழுந்ததோ, அங்கே அவர் நின்றார். 2012 இறுதிப்போட்டியில் முழங்கால் தசைநார் சேதமடைந்த பிறகும் வெளியேறாமல், ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் கடைசிப் பகுதியில் கோல் அடித்தார். மொத்தம் 372 ஆட்டங்கள், 464 கோல்கள், இரண்டு சாம்பியன் பட்டங்கள்.

அதைச் ‘சர்ச்சை’ என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பூர்வகுடி மனிதரான அவரை மெல்போர்ன் மைதானத்தில் ஒரு சிறுமி குரங்கு என்றாள். அவளுக்கு 13 வயதுதான், அவளைக் குறைசொல்லாதீர்கள் என்று மறுநாளே கேட்டுக்கொண்டவர் அவர். அதன் பிறகும் 2015இல் பந்து அவர் கைக்கு வரும்போதெல்லாம் மைதானம் மைதானமாக ஊளையிட்டார்கள். அந்த ஆண்டோடு ஓய்வு பெற்றார். இறுதிப்போட்டி நாளில் ஓய்வுபெறும் வீரர்களுக்கு நடக்கும் மரியாதை வலத்துக்கும் வரவில்லை. போட்டியை நடத்தும் லீகும் அதன் 18 கிளப்புகளும் மன்னிப்புக் கேட்க 2019 ஆயிற்று. 2021இல் தலைசிறந்த வீரர்களின் வரிசையில் சேர்க்கும் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ கௌரவம் தேடி வந்தபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.