கோவையிலிருந்து சிங்கப்பூர்: 7 மணி நேரமா, நாலரை மணி நேரமா?

வணக்கம் ஐயா. பெருந்துறையிலிருந்து தனியாகப் புறப்படும் உங்கள் தாயாரின் பயணச்சீட்டில், இரவு 9 மணிக்குக் கோவையில் ஏறி அதிகாலை 4 மணிக்குச் சிங்கப்பூரில் இறங்குவதாகவும், திரும்பும்போது மாலை 6 மணிக்கு ஏறி 7.45-க்கே கோவை வந்துவிடுவதாகவும் இருப்பதால், 7 மணி நேரம் எப்படி ஒன்றேமுக்கால் ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். சீட்டில் பிழை இல்லை. அதில் அச்சிடப்படுபவை அந்தந்த ஊர் நேரங்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது என்பதால், போகும்போது அதைக் கழித்தால் நாலரை மணி நேரமும், வரும்போது கூட்டினால் நாலேகால் மணி நேரமும் கிடைக்கும். நேர்கோட்டில் சுமார் 3,200 கி.மீ. தொலைவுக்கு இதுவே இயல்பான கணக்கு. மீதமுள்ள கால்மணி வேறுபாடு காற்றின் திசையாலும் ஓடுபாதை நெரிசலாலும் வருவது.

என் அம்மா முதன்முறை சென்றபோது கைக்கடிகாரத்தை மாற்றவே இல்லை. இறங்கியதும் அதைப் பார்த்து, "நம்மூர்ல மணி ஒன்றரை, இன்னும் நடுச்சாமம் கண்ணு" என்று தொலைபேசியில் சொன்னார். காலை மாத்திரையை அவசரப்பட்டு விழுங்காமல் இருக்க அந்தக் கடிகாரமே உதவியது. உங்கள் தாயாருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக எழுதியிருப்பதால், மாத்திரை வேளைகளை மருத்துவரிடம் முன்பே கேட்டு, இரு ஊர் நேரத்திலும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்; மருந்தைக் கைப்பையிலேயே வையுங்கள். பீளமேடு விமான நிலையத்தை மாலை 6 மணிக்கே அடைந்துவிடுவது நல்லது.