சாட்ஸ்வொர்த்: மாளிகைக்கு வெளியே பார்க்க வேண்டியவை

ஐயா,

ஜூன் மாதம் மான்செஸ்டரில் உள்ள மகள் வீட்டுக்குச் செல்கிறேன். டெர்பிஷயரில் இருக்கும் சாட்ஸ்வொர்த் மாளிகைக்கு ஒரு நாள் அழைத்துப்போவதாகச் சொல்கிறாள். உள்ளே ஓவியங்களும் சிற்பங்களும் உண்டு, சரி. வெளியே புல்லும் ஆடுகளும்தானே? அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டுமா?

செ., திருச்சி

அன்புள்ள செ.,

அவசியம் ஒதுக்குங்கள், நேரம் போதாவிட்டால் மாளிகைக்குள் செலவிடுவதைத்தான் நான் குறைத்துக்கொள்வேன். நீங்கள் சொல்லும் புல்வெளியே, 1760ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாளிகைக்கு உரியவரான நான்காம் டெவன்ஷயர் கோமகனுக்காக (டியூக்) நிலக்காட்சி வடிவமைப்பாளர் லான்சிலாட் பிரவுன் மரக்கூட்டங்களை நட்டு, டெர்வெண்ட் ஆற்றையும் திருத்தி உருவாக்கியதுதான். பின்னர் ஆறாம் கோமகன், மாளிகையிலிருந்து கண்ணில் படுகிறது என்பதற்காக எடென்சர் கிராமத்தின் பெரும்பகுதியை இடித்து, மேட்டுக்கு அப்பால் புதிதாகக் கட்டிக்கொடுத்தார். பழைய வீடுகளில் ஒன்று மட்டும் ஆற்றுப்பக்கத்தில் சுற்றுச்சுவருக்குள் தனித்து நிற்கிறது. அதைத் தேடிப் பார்க்காமல் அந்த நிலக்காட்சியைப் புகழ்வது பாதி பார்வை என்பது என் கட்சி.

தோட்டத்தில் நீரைக் கவனியுங்கள். சரிவில் இறங்கும் படியருவியை 1696இல் கிரில்லே என்ற பிரெஞ்சுக்காரர் அமைத்தார். படிகளின் அகலமும் சொரசொரப்பும் வேறுபடுவதால் ஓசையும் இடத்துக்கிடம் மாறும். (நீர் விடப்பட்டிருக்கிறதா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.) ரஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் நிக்கொலஸ் வருவார் என்று எதிர்பார்த்து, தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் 1844இல் குன்றின்மேல் எட்டு ஏக்கர் ஏரி வெட்டி, இயந்திரம் எதுவுமின்றி, மேட்டிலிருந்து இறங்கும் நீரின் அழுத்தத்தாலேயே ஏறத்தாழ 90 மீட்டர் வரை பீறிடும் ஊற்றை ஆறே மாதங்களில் முடித்தார். சக்கரவர்த்தி வரவில்லை.

1851இல் லண்டன் கண்காட்சிக்குக் கண்ணாடி மாளிகை வடித்தவரும் இந்தப் பாக்ஸ்டனே. அதற்கு ஒத்திகை போல இங்கே அவர் எழுப்பிய பெரிய கண்ணாடிக்குடில், முதல் உலகப்போரின்போது நிலக்கரி கிடைக்காமல் செடிகள் குளிரில் மடிய, 1920இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அந்த இடத்தில் இப்போது செடிவேலிப் புதிர்வழி இருக்கிறது. மொரீஷியஸிலிருந்து வந்த குட்டை வாழை ஒன்று இத்தோட்டத்தில் 1835இல் பூத்து, கோமகன் குடும்பத்தின் பெயரால் கேவண்டிஷ் ஆனது. நம்மூர் ஜி9 வாழையும் அந்த இனமே.

மாளிகைக்கும் தோட்டத்துக்கும் சீட்டு வாங்க வேண்டும். ஆற்றோர மேய்ச்சல் வெளியில் நடப்பதற்குக் கட்டணமில்லை. அங்கே வெயில் நம்பகமானதல்ல, ஆகவே மழைச்சட்டையும் புல்லில் வழுக்காத காலணியும் எடுத்துச் செல்லுங்கள்.