கையில் இருந்த கடதாசி

அன்பின் அண்ணா,

நான் 1991 இல் கனடாவுக்கு வந்தவன். ஊர் யாழ்ப்பாணத்துக் கோப்பாய். வந்த புதிதில் பகலில் பாக்டரி, இரவில் உணவகத்தில் கோப்பை கழுவுவது என்று ஆறு வருடம் ஓடியது. இப்போது ரொறன்ரோ ஸ்காபரோவில் சொந்த வீடு இருக்கிறது. மகள் மருந்தாளர், மகன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான்.

போன மாதம் மகன் ஒரு கேள்வி கேட்டான். எங்களோடு அதே காலத்தில் வந்த சோமாலியரில் கனபேர் இன்னும் அரசாங்க மாடிக் குடியிருப்பில் கஷ்டப்படுகிறார்களே, ஏன் என்று. நாங்கள் உழைத்தோம், சேமித்தோம், பிள்ளைகளைப் படிப்பித்தோம், அது எங்கள் பண்பாடு என்று சொன்னேன். மலையகத்துத் தேயிலைத் தோட்டத் தமிழரையும் உதாரணம் காட்டினேன். அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே மொழி, ஒரே கோயில். ஆனாலும் இருநூறு வருடமாகத் தோட்டத்து லயன் வீட்டைவிட்டு வெளியே வர முடியவில்லை. முயற்சி வேண்டும் என்றேன். மகன் அதை இனவாதம் என்கிறான். நான் அப்படிப்பட்டவன் இல்லை அண்ணா. நான் சொன்னதில் என்ன பிழை?

இன்னொன்று. எங்கள் பழைய மாணவர் சங்கம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு புலமைப்பரிசில் நிதி தொடங்க இருக்கிறது. அதற்கும் உங்கள் யோசனை தேவை.

ஒரு வாசகர், ஸ்காபரோ

அன்பின் தம்பி,

ஆறு வருடம் கோப்பை கழுவியதை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன். என் சொந்தத் தம்பியும் அப்படித்தான் இருந்தான். தொலைபேசியில் அம்மாவோடு கதைத்துக்கொண்டிருக்கும்போதே நித்திரையாகிவிடுவான். அந்தக் காசில்தான் இங்கே எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதனால் உங்கள் உழைப்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சோமாலியப் பெண்ணும் இரவு வேலைக்குப் போய்த்தான் வருகிறாள். கொழுந்து எடுக்கிறவள் அட்டைக் கடியோடு நாளுக்குப் பதினெட்டு, இருபது கிலோ நிறுத்துக் கொடுத்தால்தான் அவளுக்கு முழுச் சம்பளம். மூன்று பேரும் உழைத்திருக்கிறீர்கள், கைக்கு வந்ததுதான் வேறு வேறு. அப்படியென்றால் மூவருக்கும் பொதுவாக இல்லாத எதையோ அல்லவா நாங்கள் தேட வேண்டும்?

முதலில் மலாயாவுக்குப் போவோம். அங்கே இந்தக் கேள்விக்கு விடை கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது.

என் அப்பப்பா மலாயா ரயில்வேயில் கிளாக்கராக இருந்தவர். அந்த நாட்டின் முதல் ரயில் பாதை 1885 இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை திறந்தது. பாதை நீள நீள, ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிந்த ஆட்கள் வெள்ளைக்காரனுக்குத் தேவைப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்கள் ஆயத்தமாக இருந்தார்கள். ரயில்வே, நில அளவை, திறைசேரி, ஆஸ்பத்திரி என்று போய்ச் சேர்ந்தார்கள். குவார்ட்டர்ஸ் கிடைத்தது, பென்சன் கிடைத்தது. மணியோடர் ஊருக்கு வந்தது, அதில் கல்வீடு எழும்பியது. ‘மலாயன் பென்சனியர்’ என்றால் சின்ன வயதில் எங்கள் ஒழுங்கையில் ஒரு தனி மரியாதை இருந்தது.

அதே மலாயாவில், அதே காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து ஆள்சேர்க்கும் கங்காணி கூட்டிவந்த தமிழர் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டினார்கள். அதே நாட்டில் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்து முதலாளிகளாக இருந்தார்கள். மூன்று கூட்டமும் தமிழ்தான் பேசியது, முருகனைத்தான் கும்பிட்டது. ஒரு கூட்டம் முதலோடு போனது, ஒன்று ஆங்கிலச் சான்றிதழோடு போனது, மற்றது தோட்டக் கணக்கில் கடனோடு போனது. அந்தக் கடன்காரரின் பிள்ளைகளுக்குத் தோட்டத்துக்குள் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம், அதுவும் ஆரம்ப வகுப்புகள் மட்டும். ஜப்பான்காரன் வந்தபோது சயாம் ரயில்பாதை போடக் கொண்டுபோய் ஆயிரக்கணக்கில் சாகக் கொடுத்ததும் அவர்களைத்தான். நாடு சுதந்திரம் அடைந்த பிறகு, 1968 இல், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்வதற்கு அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்தும் பத்திரம் எடுத்து வைக்காத பல்லாயிரம் தோட்டத் தமிழர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். என் அப்பப்பாவின் பெட்டியில் அப்படியான பத்திரங்கள் எல்லாம் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அவை ஏன் முக்கியம் என்று வாசித்து அறிய அவரால் முடிந்தது.

அந்த ஆங்கிலம் எங்கிருந்து வந்தது? படிப்பு எங்கள் இரத்தத்தில் இருக்கிறது என்று ஊரில் சொல்வார்கள், நானும் ஒருகாலத்தில் நம்பினேன். அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி, அடுத்த வருடம் உடுவிலில் பெண்கள் பாடசாலை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். அதன்பின் சைவர்களும் போட்டிக்குப் பாடசாலைகள் கட்டினார்கள். ஆறு இல்லாத, காணி துண்டு துண்டான ஊரில் உத்தியோகம்தான் விளைச்சல் என்று சனம் கண்டுகொண்டது. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேண்டும் என்ற பழமொழி அங்கே பிறந்ததுதான். வாய்ப்பைப் பிடித்துக்கொண்டது எங்கள் கெட்டித்தனம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாய்ப்பு வந்து இறங்கிய இடம் யாழ்ப்பாணமாக இருந்தது. அதே நூற்றாண்டில் மலையகத்தில் வந்து இறங்கியது கோப்பிக் கன்று.

சரி, சோமாலியருக்கு வருகிறேன். நீங்கள் 1991 இல் போனீர்கள். அந்த வருடம் தொடக்கத்தில்தான் சோமாலியாவில் சியாட் பாரேயின் அரசு விழுந்தது. அதற்குப் பின் பாஸ்போர்ட் கொடுக்க அங்கே ஓர் அரசாங்கமே இல்லை. மேய்ச்சலோடு நகர்ந்து வாழ்ந்த சனத்துக்குப் பிறப்புச் சான்று ஆதியிலிருந்தே இல்லை. 1993 இல் கனடா ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அகதி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டவரும் அடையாளப் பத்திரம் காட்டினால்தான் நிரந்தர வதிவிடம் கிடைக்கும். ஆயிரக்கணக்கான சோமாலியர் அங்கேயே நின்றுபோனார்கள். அகதிதான், ஆனால் ‘லேண்டட்’, அதாவது நிரந்தர வதிவாளர், இல்லை. லேண்டட் இல்லையென்றால் மனைவியையும் பிள்ளைகளையும் கூப்பிட முடியாது. பிள்ளை கெட்டிக்காரனாக இருந்தாலும் பல்கலைக்கழகத்துக்கு அரசாங்கக் கடன் எடுக்க முடியாது. 1997 இல் ஒரு வழி திறந்தார்கள், அதிலும் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். கறுப்பராக இருப்பதால் வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் அலைகிறபோது பட்ட பாடு இதற்கு மேலே.

உங்களிடம் என்ன இருந்தது? யாழ்ப்பாணத்துப் பிறப்புச் சான்று இருந்தது, அடையாள அட்டை இருந்தது, பரீட்சைச் சான்றிதழும் இருந்திருக்கும். 1990 முதல் 1995 வரை இங்கே புலிகளின் கட்டுப்பாடு. வெளியே குண்டு விழுந்துகொண்டிருக்க, உள்ளே அரசாங்கத்தின் கச்சேரி (மாவட்டச் செயலகம்) இயங்கியது, பென்சன் வந்தது, பரீட்சை நடந்தது. எங்களைக் கொன்ற அதே அரசு எங்களுக்குச் சான்றிதழும் தந்துகொண்டிருந்தது. இதை எழுதும்போது மனம் கசக்கிறது, ஆனால் அந்தக் கடதாசிதான் ரொறன்ரோவில் உங்களைத் தூக்கிவிட்டது.

இன்னொரு விஷயம் உங்கள் மகனுக்குத் தெரிய வேண்டும். அகதி கேட்டு வருகிறவர் அதிகாரி முன்னால் நேரில் இருந்து தன் கதையைச் சொல்ல உரிமை உண்டு என்று கனடா உச்ச நீதிமன்றம் 1985 ஏப்ரல் 4 இல் தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர்களில் பெரும்பாலோர் சீக்கியர். அடுத்த வருடம் ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்து வந்தார்கள். அவர்களுக்கும் பின்னால் வந்த உங்களுக்கும் அந்தத் தீர்ப்பு கைகொடுத்தது.

மலையகம் பற்றி நீங்கள் எழுதிய வரியைத்தான் என்னால் கடந்து போக முடியவில்லை. நானே அப்படிக் கதைத்து வளர்ந்தவன். ‘தோட்டக்காட்டார்’ என்ற சொல் எங்கள் வீட்டில் சாதாரணமாகப் புழங்கியது.

1973, 74 இல் தோட்டங்களில் பட்டினி. அப்போதுதான் பண்டாரவளைப் பக்கமிருந்து ஒரு பிள்ளை எங்கள் வீட்டு வேலைக்கு வந்தாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். விடிய எழும்பி முற்றம் கூட்டுவாள், கிணற்றில் தண்ணீர் அள்ளுவாள், என் பாடசாலை வெள்ளைச் சட்டையைத் தோய்த்துக் காயப்போடுவாள். நான் மேசையில் இருந்து படிக்கும்போது கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் நான் பாடமாக்கிக்கொண்டிருந்த திருக்குறளை, நான் தடுமாறிய இடத்தில், அவள் எடுத்துச் சொன்னாள். எழுத்துத் தெரியாத பிள்ளை. அம்மா சிரித்தார், நானும் சிரித்தேன். அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவோம் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாலு வருடம் கழித்துத் தகப்பன் வந்தார். இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது, தலைமன்னார்க் கப்பலில் போகிறோம் என்றார். அவள் இந்தியாவை ஒருநாளும் கண்டதில்லை. அந்தத் தகப்பனும் கண்டதில்லை. அவளுக்குச் சேர வேண்டிய பள்ளிக்கூடத்தை எங்கள் வீடு பறித்தது. ஐம்பது வருடமாகியும் இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அந்தக் கப்பல் ஏன் வந்தது தெரியுமா? 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்று காட்டு, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்தார்கள் என்று காட்டு என்றது. எங்கள் பூட்டன்மார் எத்தனை பேருக்கு அப்படியொரு பத்திரம் இருந்தது? ஆனால் எங்களிடம் யாரும் கேட்கவில்லை. ஏழு லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர் ஆனார்கள். 1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஏழு உறுப்பினர்கள், 1952 இல் ஒருவரும் இல்லை. 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்து வைத்து 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தார்கள். மிச்சம் இருந்தவர்களின் கணக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. குடியுரிமை இல்லாதவனுக்கு அரசாங்கக் காணி இல்லை, அரசாங்க வேலை இல்லை. இலவசக் கல்வி 1945 இல் வந்தது, ஆனால் தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசு பொறுப்பெடுத்தது 1970களில்தான். முப்பது வருடம் பிந்தி ஓடத் தொடங்கியவனைப் பார்த்து, முயற்சி போதாது என்று நாங்கள் எப்படிச் சொல்வது?

அப்புறம், ‘நாங்கள்’ என்கிறீர்களே, ஸ்காபரோவுக்கு வந்தது யாழ்ப்பாணம் முழுவதுமா? வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்குக் காசு கட்ட, ஈடு வைக்க ஒரு காணி உறுதியோ (பத்திரமோ) விற்க நகையோ வேண்டும். இரண்டும் இல்லாதவன் வன்னியோடு நின்றான், இல்லாவிட்டால் இந்தியாவில் முகாம். எங்கள் ஊரில் குடியிருந்த நிலமே அடுத்தவன் பெயரில் இருந்த சாதியினர் எத்தனை வீடு, அவர்களில் எத்தனை பேர் கனடாவில் என்று எண்ணிப் பாருங்கள். எங்களுக்குள்ளேயே உறுதி உள்ளவன், இல்லாதவன் என்று பிரித்துத்தான் விமானம் ஏற்றியது.

உறுதி இருந்தும் இழந்தவர்களும் உண்டு. 1990 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாணச் சோனகதெருவிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் சில மணி நேரத்தில் வெளியேற்றினார்கள். இரும்புக்கடை, தையற்கடை, நகைக்கடை என்று தலைமுறையாகத் தொழில் செய்தவர்கள், கையிலிருந்த காசையும் நகையையும் பறிகொடுத்துவிட்டுப் போய்ப் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் இருந்தார்கள். பிறகு திரும்பிவந்தால், பத்து வருடம் ஆண்டு அனுபவித்தவனுக்கே காணி என்ற பழைய ஆட்சியுரிமைச் சட்டம் குறுக்கே நின்றது. போர்க்காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று 2016 இல்தான் விசேட சட்டம் வந்தது. அதுவரை கெட்டிக்கார வியாபாரிகள் என்று நாங்கள் சொன்ன அதே ஆட்கள், பத்து வருட முகாமுக்குப் பிறகு ‘நிவாரணத்தை நம்பி இருக்கிறவர்கள்’ என்று பேர் வாங்கினார்கள். அவர்களுடைய பண்பாடு பத்து வருடத்தில் மாறிவிட்டதா?

உங்கள் மகன் சொன்ன சொல் உங்களைச் சுட்டிருக்கும். அவனோடு சண்டை பிடிக்க வேண்டாம். நீங்கள் கெட்ட மனிதர் என்று அவன் சொல்லவில்லை. உங்கள் விடை போதாது என்றுதான் சொல்கிறான், அதில் நான் அவன் பக்கம்.

நிதி பற்றிக் கேட்டீர்கள். உங்கள் பாடசாலைக்குக் கட்டடமும் கணினியும் கொடுக்க ஏற்கெனவே லண்டனிலும் சிட்னியிலும் ஆட்கள் இருப்பார்கள். கிளிநொச்சியில், 1958, 77 இனக் கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து அடிபட்டு ஓடிவந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் வயல்களிலும் தோட்டங்களிலும் கூலிக்கு நின்ற குடும்பங்கள். பலருக்கு இன்னும் குடியிருக்கிற காணிக்கு உறுதி இல்லை. நிதியில் பாதியையாவது அந்தப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும்படி சங்கத்தில் பேசுங்கள். சம்மதித்தால், எந்தப் பாடசாலைகள், எத்தனை பிள்ளைகள் என்று நான் நேரில் போய்ப் பார்த்து எழுதுகிறேன். இது எனக்கும் கடன்.

உங்கள் வேலைத்தலத்தில் சோமாலியர் யாராவது இருந்தால் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் இருங்கள். எந்த வருடம் வந்தார், எந்த வருடம் லேண்டட் பேப்பர் கிடைத்தது என்று கேளுங்கள். உங்களுடைய வருடத்தையும் சொல்லுங்கள். மகனையும் கூட்டிப்போக முடிந்தால் நல்லது.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து