இரண்டு டம்ளர் தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும்

வீடு தேடி வந்து விற்கிறவர்களைப் பற்றித்தான் இந்த முறை நிறையக் கேள்விகள். அதிலும் பாதிக்கு மேல் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் பற்றியவை. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: போன வாரம் மத்தியானம், டை கட்டிய இரண்டு பையன்கள் வந்து, 'இலவசமாகத் தண்ணீர் டெஸ்ட் செய்கிறோம்' என்றார்கள். எங்கள் குழாய்த் தண்ணீரை ஒரு டம்ளரிலும், அவர்கள் பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீரை இன்னொன்றிலும் ஊற்றி, ஒரு கருவியை மேலே வைத்து கரண்ட் கொடுத்தார்கள். எங்கள் டம்ளர் சாக்கடை மாதிரி ஆகிவிட்டது. அவர்களுடையது பளிச்சென்று இருந்தது. பயந்துபோய் 16,500 ரூபாய் இயந்திரத்துக்கு 3,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். ரசீதில் புதுச்சேரி முகவரி இருக்கிறது. வீட்டுக்காரர் தினமும் சத்தம் போடுகிறார். பணம் திரும்பி வருமா? (செம்மண்டலம், கடலூர்)

பதில்: முதலில் உங்கள் தண்ணீர் மேல் விழுந்த பழியைத் துடைத்துவிடலாம். அந்தக் கருவியில் டம்ளருக்கு ஒரு ஜோடி கம்பி தொங்கும், பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்று இரும்பு. தண்ணீரில் கரைந்த உப்புகள் இருந்தால்தான் கரண்ட் பாயும். பாய்ந்தால் இரும்புக் கம்பி கரைந்து, துருவாகித் தண்ணீரில் மிதக்கும். நீங்கள் பார்த்த சாக்கடை உங்கள் குழாயில் வந்ததல்ல, அவர்கள் கம்பியிலிருந்து வந்தது. அவர்கள் பாட்டிலில் கொண்டுவந்தது உப்பை வடிகட்டி எடுத்த ஆர்.ஓ. தண்ணீர். அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை, கரண்ட் பாயவில்லை, அதனால் நிறமும் மாறவில்லை. அவ்வளவுதான் வித்தை.

மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுத் திண்ணையிலும் இதே காட்சி நடந்தது. நான் அடுப்படிக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பு எடுத்துவந்து, அவர்களுடைய 'சுத்தமான' தண்ணீரில் போட்டுக் கலக்கிவிட்டு, 'இப்போ கரண்ட் கொடுங்க தம்பி' என்றேன். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் தட்டியது. அப்புறம் பச்சை கலந்த பழுப்பு. அப்புறம் செதில் செதிலாகக் கசடு திரண்டு மேலே வந்தது. எங்கள் தண்ணீரைவிடக் கேவலமாக இருந்தது. பையன் டம்ளரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். 'டிரெயினிங்ல இதைச் சொல்லலியே சார்' என்றான். அவனுக்கு நிஜமாகவே தெரியாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். மோர் கொடுத்து அனுப்பினோம்.

இதனால் உங்கள் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று ஆகிவிடாது. நம் கடலோரத்துப் போர்த் தண்ணீரில் பல இடங்களில் உப்பு உண்டு. குடிநீருக்கான இந்தியத் தர அளவு, கரைந்த உப்புகள் ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். பேனா மாதிரி ஒரு மீட்டரை நனைத்துக் காட்டுவார்களே, அது இந்த உப்பை மட்டும்தான் அளக்கும். கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள். விற்க வந்தவரே பரிசோதகராகவும் இருந்தால் முடிவு என்னவாக இருக்கும்?

இனி பணம். இந்தியாவில் பலரும் நினைத்துக்கொண்டிருப்பது போல, 'வீட்டில் வந்து விற்றால் இத்தனை நாளுக்குள் மனசு மாறித் திருப்பிக் கொடுக்கலாம்' என்று எல்லா விற்பனைக்கும் பொதுவான சட்டம் கிடையாது. ஆனால் உங்களிடம் வேறு பிடிகள் இருக்கின்றன.

அவர்கள் நேரடி விற்பனை நிறுவனத்தின் ஆட்களாக, அதாவது கடை இல்லாமல் முகவர் வலை வைத்து விற்கும் நிறுவனத்தின் ஆட்களாக இருந்தால், 2021 டிசம்பரில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு நேரடி விற்பனை விதிகள் பொருந்தும். விற்கும்போதே, அல்லது அதற்கு முன்பே, ஆர்டர் படிவம் தர வேண்டும். அதில் நிறுவனத்தின் விவரம், விற்பவரின் விவரம், பொருளின் முழு விவரம், மொத்த விலை எல்லாம் இருக்க வேண்டும். ஆர்டரை ரத்து செய்யவும், மறுபடி விற்கக்கூடிய நிலையில் உள்ள பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்கவும் உங்களுக்கு உரிமை உண்டு என்பதும் அதிலேயே எழுதியிருக்க வேண்டும். உங்கள் ரசீதின் பின்பக்கத்தைப் பாருங்கள், பொடி எழுத்தில் இருக்கலாம்.

அப்படி இல்லாமல் ஏதோ ஒரு கம்பெனியின் சம்பள ஆட்கள் என்றால், தவறான தகவல் சொல்லி வாங்க வைத்தார்கள் என்பதுதான் உங்கள் வாதம். அப்படிப் பெற்ற சம்மதத்தை ரத்து செய்ய 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே இடம் தருகிறது. 2019 நுகர்வோர் சட்டத்தின்படியும் இது முறையற்ற வணிகம். இன்னும் இயந்திரம் வரவில்லை என்பது உங்கள் அதிர்ஷ்டம். மாட்ட ஆள் வந்தால் மாட்ட விடாதீர்கள். மாட்டிய பொருளைக் கழற்ற வைப்பது பெரும்பாடு.

இன்றைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தத் தேதி, எத்தனை ரூபாய், என்ன சோதனை காட்டினார்கள், ஆர்டரை ரத்து செய்கிறேன், இத்தனை நாளுக்குள் முன்பணம் வேண்டும். ஒரு பக்கம் போதும். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். நிறையப் பேருக்கு அந்தக் கட்டத்திலேயே பணம் வந்துவிடுகிறது. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ரசீதில் புதுச்சேரி முகவரி என்பதற்காக ஆல்பேட்டை தாண்டி அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் மாற்றிவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்த மேலே சொன்ன உப்புக் கதையைப் படித்துக் காட்டுங்கள். எதிரே உட்கார்ந்திருந்தால் அவரும் ஏமாந்திருப்பார்.

கேள்வி: எங்கள் தெருவுக்கு வந்தவர்கள் லேமினேட் செய்த ஒரு 'அனுமதிக் கடிதம்' காட்டினார்கள். வீடு வீடாக விற்க நகராட்சியில் லைசென்ஸ் வாங்க வேண்டுமா? (முதலியார்பேட்டை, புதுச்சேரி)

பதில்: வீதியில் சுற்றி விற்கிறவர்களுக்கு 2014ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. தலைச்சுமையாகவோ வண்டியிலோ இடம் விட்டு இடம் போய் விற்கிறவரும் அதில் அடக்கம். உள்ளாட்சி அமைப்பு, நகர விற்பனைக் குழு மூலம் கணக்கெடுத்து, விற்பனைச் சான்றிதழும் அடையாள அட்டையும் கொடுக்கும். கடலூரில் மாநகராட்சி, உங்கள் பக்கம் புதுச்சேரி, உழவர்கரை நகராட்சிகள். அந்தச் சான்றிதழ் அவருடைய பிழைப்புக்கான பாதுகாப்பு. அவர் கையில் இருக்கும் மிக்ஸி நல்ல மிக்ஸி என்பதற்கு அத்தாட்சி அல்ல. எந்த அலுவலகமும் ஒரு கம்பெனிப் பொருளை 'வாங்குங்கள்' என்று சிபாரிசு செய்து கடிதம் கொடுப்பதில்லை. லேமினேஷனைப் பார்த்து மயங்க வேண்டாம்.

நீங்கள் கேட்க வேண்டியது வேறு. நேரடி விற்பனை முகவர் என்றால், அடையாள அட்டை இல்லாமலும், முன்கூட்டி உங்கள் சம்மதம் வாங்காமலும் வீட்டுக்கு வரக்கூடாது என்றே 2021 விதிகள் சொல்கின்றன. வந்ததும் முதல் வேலையாகத் தான் யார், எந்த நிறுவனம், என்ன விற்க வந்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். 'சர்வே எடுக்க வந்தோம்' என்று ஆரம்பித்துக் கடைசியில் குக்கரை எடுத்தால் அங்கேயே விதிமீறல்.

தேவனாம்பட்டினத்திலிருந்து கூடை தூக்கி வரும் மீன்காரம்மாவிடம் போய் இதையெல்லாம் கேட்காதீர்கள். அவர் எந்த நிறுவனத்தின் முகவரும் இல்லை. மீன் கெட்டிருந்தால் மறுநாள் அதே வாசலில் நின்று பதில் சொல்கிறவர்.

கேள்வி: தனியாக இருக்கிறேன், வயது 71. 'கேஸ் கம்பெனியிலிருந்து வருகிறோம், டியூப் மாற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவோம்' என்று மிரட்டி ஒருவர் 850 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். பில் இல்லை. (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: அம்மா, நிஜமான ஆள் அப்படி மிரட்ட மாட்டார். அடுத்த முறை யாராவது வந்தால் கதவைத் திறக்காமலே, 'என் நுகர்வோர் எண் என்ன, சொல்லுப்பா' என்று கேளுங்கள். ஏஜென்சி அனுப்பிய ஆளிடம் அது இருக்கும். அப்புறம் கேஸ் புத்தகத்தில் உள்ள ஏஜென்சி எண்ணுக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள். அவர் கொடுக்கும் எண்ணுக்கு அல்ல.

இப்போது மாட்டியிருக்கும் டியூபைப் பாருங்கள். தரமானதில் ஐ.எஸ். 9573 என்ற எண்ணும், தயாரித்த வருடமும் டியூப் மேலேயே அச்சாகியிருக்கும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது உண்மைதான். அந்த உண்மையை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். அச்சு எதுவும் இல்லாத டியூப் என்றால் பணம் போனால் போகட்டும், இன்றே ஏஜென்சியில் சொல்லி மாற்றிவிடுங்கள். கேஸ் வாசனை வந்தால் 1906 என்ற உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். அந்த ஆளைப் பற்றிக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பதும் நல்லது. ஒரே தெருவில் நான்கைந்து வீட்டில் செய்திருப்பார்.

கேள்வி: 50 ரூபாய்க்கு ஒரு கார்டு. சுரண்டினால் பீரோ விழுந்ததாம், 'பாதி விலை கட்டினால் போதும்' என்கிறார்கள். கட்டலாமா? (குறிஞ்சிப்பாடி)

பதில்: கட்டாதீர்கள். எல்லாக் கார்டிலும் ஏதாவது விழும். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003லிருந்தே தடை. பரிசு ஆசை காட்டிப் பொருள் விற்பதை நுகர்வோர் சட்டமும் முறையற்ற வணிகம் என்றே சொல்கிறது. பீரோ விலையைக் கடலூரில் ஏதாவது ஒரு கடையில் விசாரியுங்கள், அந்தப் 'பாதி விலை' முழு விலையாகத்தான் இருக்கும்.

கேள்வி: என் அத்தை ஒரு சத்துமாவு விற்கிறார். 'இதைக் குடித்தால் சர்க்கரை நோயே போய்விடும், மாத்திரையை நிறுத்திவிடு' என்று என் அம்மாவிடம் சொல்கிறார். என்னையும் 12,000 ரூபாய் கட்டிச் சேரச் சொல்கிறார். வாரம் இரண்டு முறை வீட்டுக்கு வருகிறார். உறவு கெடாமல் என்ன செய்வது? (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

பதில்: மாத்திரை விஷயத்தில் உறவைப் பார்க்காதீர்கள். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. வாயால் சொல்வதும் அதில் விளம்பரம்தான். அம்மாவை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போய், அத்தையையும் கூடவே கூட்டிப்போய், அவர் முன்னாலேயே கேளுங்கள்.

12,000 விஷயம் எளிது. சேருவதற்குக் கட்டணம் வாங்க நேரடி விற்பனை நிறுவனத்துக்கு அனுமதி இல்லை. பொருள் விற்று வரும் லாபம் இல்லாமல், ஆள் சேர்த்தால்தான் காசு என்றால் அது பிரமிடு திட்டம், விதிகளில் நேரடியாகத் தடை. 'அத்தை, கம்பெனியின் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தத்தைக் காட்டுங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்' என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் காகிதம் வரவே வராது. அத்தை ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் அவரும் பாதிக்கப்பட்டவர்தான், அதை மனதில் வைத்துப் பேசுங்கள். அப்புறம், 'கூலிங் ஆஃப்' என்று விதிகளில் ஒரு காலம் வருகிறதே, அது மாவு வாங்குகிறவருக்கானது அல்ல. முகவராகச் சேர்ந்தவர் அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ள. அத்தைக்கு அது இன்னும் பாக்கி இருக்கிறதா என்று அவருடைய ஒப்பந்தத் தேதியைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் நகர் குடியிருப்போர் சங்கத்தில் 'விற்பனையாளர்களுக்கு அனுமதி இல்லை' என்று போர்டு வைக்கப்போகிறோம். சட்டப்படி செல்லுமா? போர்வை விற்க வந்த வடக்கத்திப் பையன்கள் இருவரைச் சில பேர் பிடித்து வைத்து விசாரித்ததில் தகராறு ஆகிவிட்டது. (கூத்தப்பாக்கம், கடலூர்)

பதில்: உங்கள் வீட்டு கேட்டுக்கு உள்ளே யார் வரலாம் என்பது உங்கள் விருப்பம். போங்கள் என்று சொன்ன பிறகும் மிரட்டவோ தொல்லை கொடுக்கவோ உள்ளேயே நின்றால் அது அத்துமீறல். இப்போதைய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவு. அவசர உதவி எண் 112க்கு அழைக்கலாம். காம்பவுண்டு போட்ட அடுக்குமாடி என்றால் வாயில் காவலரிடமே நிறுத்திவிடலாம். ஆனால் உங்கள் நகரின் தெரு மாநகராட்சியின் தெரு. அதில் நடந்து போகிறவரைச் சங்கத்தின் போர்டு தடுக்க முடியாது.

பையன்களைப் பிடித்து வைத்தது தவறு. போர்வை விற்பது குற்றம் இல்லை, ஆளைப் பிடித்து அடைத்து வைப்பது குற்றம். சந்தேகம் வந்தால் போலீசுக்குச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். வதந்தியை நம்பி வெளியூர் ஆட்களை அடித்து உயிர் போன சம்பவங்கள் 2018இல் தமிழ்நாட்டிலேயே நடந்தன.

போர்டு எழுதும்போது மீன், கீரை, கோலமாவு நீங்கலாக என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் புகார் சங்கத் தலைவர் வீட்டு அடுப்படியிலிருந்துதான் வரும்.